அமெரிக்கக் கல்லூரி மாணவர் சங்கங்கள் புது உறுப்பினர்களைச் சேர்க்கும் ரஷ் சமயத்தில் யாரிடம், எப்படிப் பேசினீர்கள்?

டெக்சாஸ் சீனியர்:
எங்கள் தெற்காசிய ஃபிரட்டர்னிட்டியில் (ஆண் மாணவர் சங்கம்) ரஷ் பொறுப்பு என்னிடம் இருந்தது. டேபிள் போட்டு நின்றால், வருகிற முதலாண்டு மாணவனிடம் நம் ஆட்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள்: பார்ட்டி, சகோதரத்துவம், வேலைக்குப் பரிந்துரை. பக்கத்து டேபிளிலும் அதே பேச்சுதான். நான் கேட்டது வேறு: "எந்த டார்ம்? ராத்திரி யாரோட சாப்பிடற?" டாலஸ் பையன் ஒருவன் "தனியாத்தான்ணா" என்றான். மேற்கொண்டு ஃபிரட்டர்னிட்டியைப் பற்றிப் பேசவே இல்லை, அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனோம்.

அப்புறம் அவன் அம்மா போன் செய்தார். "2017-இல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில குடிக்க வச்சு ஒரு பையன் செத்துப்போனானே, அந்த மாதிரி இடமா தம்பி இது?" டிமொதி பியாட்ஸாவைத்தான் சொன்னார். பெற்ற தாய் கேட்கவேண்டிய கேள்வி. "நாங்க அப்படி இல்ல ஆன்ட்டி" என்று எல்லாரும்தான் சொல்வார்கள், அதை எப்படி நம்புவது? டெக்சாஸில் ஹேசிங், அதாவது சேர வருகிறவர்களைக் கொடுமைப்படுத்துவது, குற்றம். பையனே சம்மதித்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. ஹேசிங்குக்காக நடவடிக்கைக்கு உள்ளான அமைப்புகளின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் 2019 சட்டப்படி இணையத்தில் போட்டாக வேண்டும். அந்தப் பக்கத்தை அனுப்பி, "எங்க பேர் இருக்கான்னு நீங்களே பாருங்க ஆன்ட்டி" என்றேன். கட்டணம், வாரத்துக்கு எவ்வளவு நேரம், புது உறுப்பினர் பயிற்சி எப்போது முடியும், எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தேன். சேர்க்கைப் பேச்சில் பாதி வீட்டாரோடு நடப்பது. அதற்கு யாரும் நம்மைத் தயார் செய்வதில்லை.

சொராரிட்டி அக்கா:
எங்கள் பக்கம், அதாவது பெண்கள் சங்கங்களில், சேர்க்கை ரவுண்டு ரவுண்டாக நடக்கும், மது கூடாது, "உனக்கு பிட் (சேர அழைப்பு) நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. எங்கள் உறுப்பினர் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வந்து இடத்தைப் பிடிப்பாள். அந்தக் கைமாற்றத்தில்தான் பேச்சு அறுந்துபோகும். சேர வந்த பெண் மறுபடியும் ஊர், மேஜர் (முதன்மைப் பாடம்) என்று முதலிலிருந்து ஒப்பிப்பாள், பாவம். நான் விலகும்போது, "இவ வயலின் வாசிக்கறா, ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன் பத்திச் சொல்லிட்டிருந்தா" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். அடுத்தவள் அங்கிருந்தே தொடர்வாள்.

எஃப்-1 (மாணவர் விசா) மாணவன்:
நான் பிட்டை மறுத்தவன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டபோதெல்லாம் "அதை அப்புறம் பாத்துக்கலாம் ப்ரோ" என்றார்கள். செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ் வேலையே வாரம் 20 மணி நேரத்துக்குமேல் செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. மேலே டெக்சாஸ் சீனியர் சொன்னதுபோல் தொகையை எழுதிக் காட்டியிருந்தால், தவணையில் கட்டலாமா என்றாவது கேட்டிருப்பேன்.