யூவுக்குப் பதில் ஏ: பனியன் கம்பெனியில் ஓர் எழுத்து செய்த வேலை

திருப்பூரிலிருந்து:

ஒலியில் ஒன்றாகவும் எழுத்தில் சற்றே வேறாகவும் இருக்கும் ஆங்கிலச் சொற்களால் பட்ட பாட்டைப் பலரும் எழுதி வருவதால், ஆர்டர் தரும் பையர்களுக்கும் பனியன் கம்பெனிக்கும் இடையே நின்று வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசராக நான் சேர்ந்த முதல் ஆண்டில் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணியில் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கேட்டிருந்த பையர், நாங்கள் அனுப்பிய சாம்பிளைப் பார்த்துவிட்டு, கோர்ஸ் கவுண்ட் குறைவாக இருப்பதாக மின்னஞ்சல் அனுப்பினார். பின்னல் துணியில் குறுக்காக ஓடும் கண்ணி (லூப்) வரிசைக்குக் கோர்ஸ் என்று பெயர். அதன் மூன்றாம் எழுத்து யூ. அந்த இடத்தில் ஏ வந்தால் முரடு, பருமன் என்று பொருள் மாறிவிடும். நூல் வியாபாரத்தில் பருமனான நூலையும் கோர்ஸ் கவுண்ட் என்றே சொல்வதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஓர் அங்குலத்தில் எத்தனை வரிசை இருக்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜ நீளச் சிட்டங்கள் எத்தனை என்பதைச் சொல்லும் நூல் நம்பர் வேறு கணக்கு. நம்பர் குறையக் குறைய நூல் பருக்கும் என்பதால், குறைவு என்ற சொல்லைக் கண்டதும் எங்கள் 24ஆம் நம்பர் நூல் பருமனாக இருப்பதைத்தான் பையர் குறை சொல்கிறார் என்று நானே முடிவுகட்டி, 30ஆம் நம்பரில் புதுச் சாம்பிள் ஓட்டச் சொன்னேன். வந்த துணி 150 ஜிஎஸ்எம்மைக்கூடத் தொடவில்லை. நிட்டிங் மாஸ்டர் அதன்மீது கவுண்டிங் கிளாஸ் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டு எண்ணிவிட்டு, "ஏனுங்க தம்பி, துணி தளர்வா இருந்தா லூப்பைச் சுருக்கோணும், நூலை எதுக்குங்க மாத்துனீங்க?" என்றார். வரிசையை நெருக்கச் சொன்னவருக்கு நான் துணியை இன்னும் மெலிதாக்கிக் கொடுத்திருந்தேன்.

பிறகு அகராதியைப் புரட்டியபோது, இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றும், 'வழக்கமானது' என்ற பொருளில் அன்றாட உடுப்புக்கான முரட்டுத் துணியைக் குறிக்கப்போய்த்தான் ஏ எழுத்துச் சொல் தனியே பிரிந்தது என்றும் கண்டேன். என்னைக் கவிழ்த்த சொல்லும் துணிக்கடையில் பிறந்ததுதான் போலும்.

அவிநாசியிலிருந்து:

நண்பர் நூலில் இடறினார். நான் சாயத்தில் இடறினேன். சாயமிடுவதைக் குறிக்கும் டையிங்கில் ஒய்க்கு அடுத்து ஓர் இ உண்டு. அதை விட்டுவிட்டால் சாவது என்றாகிவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு வங்கிக்கு நான் எழுதிய கடிதத்தில் அந்த இ இல்லை. மேலாளர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு என் பக்கம் நகர்த்தி, "எழுத்துப் பிழைதானுங்க, ஆனா பொருள் சரியாத்தானே இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியே இரண்டையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறது என்று வெகுநாள் கழித்து அறிந்தபோதுதான் மனம் சற்று ஆறியது.

ஈரோட்டிலிருந்து:

ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த நோட்டுப் புத்தகக் கடையின் பலகையில் ஸ்டேஷனரி என்ற சொல், இ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இட்டு, 'நகராத' என்ற பொருளில் பல ஆண்டுகள் நின்றது. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்காமல் ஓரிடத்தில் கடை போட்ட புத்தக வணிகரிடமிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பதால், கடைக்காரரை நான் திருத்தப் போகவில்லை.

ஆனால் ஜவுளிச் சந்தையில் 'கறை வேட்டி கிடைக்கும்' என்று எழுதியிருந்ததைக் கண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேட்டியின் ஓரத்துக்கு இடையின ரகரம் வர வேண்டும், இப்படி எழுதினால் அழுக்குப் படிந்த வேட்டி என்று ஆகிவிடும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மேல்தட்டிலிருந்து இரண்டு வேட்டிகளை எடுத்து விரித்து, "சின்னக் கரையுமிருக்குதுங்க ஐயா, பெரிய கரையுமிருக்குதுங்க, உங்களுக்கு எதுங்க?" என்றார். அவர் எந்த ரகரத்தில் சொன்னார் என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. சின்னதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.