புதுப்பிப்பு: எலிச் சிறுநீரகத் திசுவில் பழுப்புப் பின்னணி, காரணம் திசுவின் சொந்த பயோட்டின்

பாரஃபினில் பதித்த எலிச் சிறுநீரகத் திசுவில், முயல் ஆன்டிபாடிக்கு எதிரான பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) இணைத்த இரண்டாம் ஆன்டிபாடியையும், ஸ்ட்ரெப்டாவிடின்-பெராக்சிடேஸையும் (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதத்துடன் நிறம் உண்டாக்கும் நொதியை இணைத்தது) பயன்படுத்தியபோது, தேடும் புரதத்தில் ஒட்டவேண்டிய முதல் ஆன்டிபாடி இடாத ஸ்லைடிலும் சிறுகுழல்கள் பழுப்பாவதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

திசுவின் சொந்த பெராக்சிடேஸை முடக்க 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் வைக்கும் நேரத்தைக் கூட்டியதில் மாற்றமில்லை. இரண்டு ஆன்டிபாடிகளையும் விட்டுவிட்டு ஸ்ட்ரெப்டாவிடின்-பெராக்சிடேஸும் டிஏபியும் (பெராக்சிடேஸால் பழுப்பாகும் சாயப்பொருள்) மட்டும் இட்டுப் பார்க்கச் சொன்ன யோசனைதான் காரணத்தைக் காட்டியது: அந்த ஸ்லைடும் பழுப்பானது, டிஏபி மட்டும் இட்டது பழுப்பாகவில்லை. அதாவது, ஸ்ட்ரெப்டாவிடின் திசுவின் பயோட்டினிலேயே நேரடியாக ஒட்டியிருந்தது. சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் பயோட்டின் இயல்பாகவே மிகுதி. வெப்ப மீட்பு (ஆன்டிபாடி ஒட்டும் இடங்கள் வெளிப்படத் திசுவைச் சூடாக்குவது) அதை மேலும் வெளிக்கொணர்கிறது.

தீர்வாக, முதல் ஆன்டிபாடிக்கு முன், பயோட்டினைப் பிடிக்கும் புரதமான அவிடினில் 15 நிமிடம், கழுவியபின் பயோட்டினில் 15 நிமிடம் வைத்தேன், பின்னணி மறைந்தது. இரண்டாவது படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், ஏனெனில் ஓர் அவிடின் மூலக்கூறில் நான்கு பிணைப்பிடங்கள் இருப்பதால், நிரம்பாதவை பின்னர் வரும் இரண்டாம் ஆன்டிபாடியையே பிடித்துக்கொண்டு பின்னணியைக் கூட்டிவிடும்.

எதிர்பாராத ஒன்று: பின்னணி நீங்கியபின் உண்மையான சாயமும் மங்கலாகத் தெரிந்தது. ஸ்ட்ரெப்டாவிடினை நான் கொழுப்பு நீக்கிய பால் கரைசலில் நீர்த்திருந்தேன். பாலிலும் பயோட்டின் உண்டு, அது ஸ்ட்ரெப்டாவிடினின் பிணைப்பிடங்களை நிரப்பிவிடும். வெறும் பாஸ்பேட் உப்புக் கரைசலுக்கு மாற்றியதும் சாயம் தெளிவானது.