மனப்பாடம் இல்லாமல் மறுப்புரை பேசப் பழக்குவது எப்படி?

வணக்கம். திருநெல்வேலி பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் விவாத அணியை நடத்துகிறேன். ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். ஜூனிலிருந்து பயிற்சி. உலகப் பள்ளிகள் விவாத முறைதான்: அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், கடைசியில் 4 நிமிடத் தொகுப்புரை.

முதலில் பேசுபவர் அசத்திவிடுகிறார். சிக்கல் இரண்டாமவரிடம் தொடங்குகிறது. எதிரணி சொன்னதைத் தொடாமல், வீட்டில் எழுதி வந்ததையே ஒப்பிக்கிறார்கள். நடுவில் குறுக்குக் கேள்வி வந்தால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். எல்லாருமே பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள். பேச வராமல் இல்லை, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம்தான் இல்லை என்று எனக்குப் படுகிறது.

தாளை வாங்கி வைத்துக்கொண்டு பேசச் சொன்னேன். அதே வரிகள் வந்தன. கடைசி நேரத்தில் ஆதரித்துப் பேச வந்தவர்களை எதிர்த்தும், எதிர்த்துப் பேச வந்தவர்களை ஆதரித்தும் பேசச் சொன்னேன். பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. அப்புறம் எதிரணி வாதத்தைக் குறிப்பெடுக்கச் சொன்னேன். ஒன்றுவிடாமல் எழுதுகிறார்கள், ஆனால் எதற்குப் பதில் சொல்வது என்று தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

ஜனவரியில் போட்டி. பேருந்தைப் பிடிக்கும் பிள்ளைகள் என்பதால் மாலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

கேட்ட வாதத்துக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லப் பழக்க, உங்கள் அணியில் பலன் தந்த பயிற்சி எது?