வந்தே பாரத் எக்ஸிகியூட்டிவ் பெட்டியில் குடும்பமா போனவங்க இருக்கீங்களா?

வணக்கம். அடுத்த மாசம் அம்மாவைச் சென்னையிலிருந்து கோவைக்கு வந்தே பாரத்தில் கூட்டிட்டுப் போறேன். முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாசம்தான் ஆகுது. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார முடியாது. சேர் கார்ல ஒரு பக்கம் மூணு, மறுபக்கம் ரெண்டு சீட். நடு சீட் கிடைச்சா எழுந்து நடக்கவே சிரமம். போன தடவை வேற ரயில்ல, முன்னாடி இருந்தவர் சீட்டைச் சாய்ச்சதும் அம்மா முட்டியை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டாங்க. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் மனசு கேக்கல.

அதனால பக்கத்துக்கு ரெண்டு சீட் இருக்கிற எக்ஸிகியூட்டிவ்தான் எடுக்கப் போறேன். அதுல சீட்டை 180 டிகிரி திருப்பலாம். நாங்க நாலு பேர். எதிரெதிரா திருப்பிப் போட்டா அம்மா காலை நீட்ட இடம் இருக்குமா, இல்ல முட்டியோட முட்டி இடிக்குமா? போனவங்க சொல்லுங்க, ஃபோட்டோ இருந்தா போடுங்க.