பழைய அலுமினியம் பாடி டிரில், தொட்டா கையில சுருசுருன்னு இழுக்குது

மரத்தூசி:
தாத்தா வச்சிருந்த டிரில் ஒண்ண பரண்லேர்ந்து இறக்கினேன், பாடி மொத்தமும் அலுமினியம், செம வெயிட்டு. வயர் மேல இருந்த ரப்பர மடக்கினாலே பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, சரின்னு கையில இருந்த ரெண்டு கோர் வயர போட்டு மாட்டிட்டேன். ஓடுது, ஆனா புறங்கையால தடவினா சுருசுருங்குது, டெஸ்டர் வச்சா மினுக்குது, பிளக்க திருப்பி சொருகினா கொஞ்சம் கம்மியாகுது. பழைய மெஷின்னா அப்படித்தான் இருக்கும்ங்கறாங்க, நெசமாவா?

ரம்பம்:
ரப்பர் செருப்பு போட்டுட்டு ஓட்டுங்க பாஸ், நாங்கல்லாம் எத்தனை வருஷமா அப்படித்தான் ஓட்டுறோம்.

சுருள்கம்பி:
ரம்பம் அண்ணே கோச்சுக்காதீங்க, செருப்பு தரையிலேர்ந்துதான் காப்பாத்தும், இன்னொரு கையில இரும்பு வைஸ பிடிச்சிருந்தா கரண்ட் நெஞ்சு வழியா போயிடும்.

மரத்தூசி, மொதல்ல பிளக்க கழட்டி வைங்க. நேம் பிளேட்ல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருக்கா பாருங்க. அது ரெட்டை இன்சுலேஷன்னு அர்த்தம், அது இருந்தாத்தான் ரெண்டு கோர், இல்லாத மெட்டல் பாடிக்கு எர்த்தோட மூணு கோர் கட்டாயம். பழைய வயர்ல பச்சை இருந்திருக்கணுமே, அத என்ன பண்ணீங்க? இன்னொண்ணு, பழைய கலர நம்பி மாட்டாதீங்க, கறுப்பு ஒரு நாட்டுல நியூட்ரல், இன்னொரு நாட்டுல ஃபேஸ். இப்ப வர்ற வயர்னா பெரும்பாலும் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த்.

உள்ள ரேடியோ இரைச்சல தடுக்கன்னு ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அதோட ஒரு கால் பாடிக்கு போயிருந்தா சுருசுருப்பு அதுலேர்ந்துதான், சந்தேகமே வேண்டாம், பழைய பேப்பர் கெப்பாசிட்டர்னா லீக் ஆகும். கழட்டிடுங்க, திரும்ப போடணும்னா பாடிக்கு போறதுக்கு ஒய் கிளாஸ், ஃபேஸ் நியூட்ரலுக்கு நடுவுல எக்ஸ் கிளாஸ்னு போட்ட சேஃப்டி கெப்பாசிட்டர்.

எர்த் ஸ்க்ரூ உட்கார்ற இடத்துல பெயிண்ட வெள்ளை மெட்டல் தெரியிற வரைக்கும் சுரண்டிட்டு ரிங் லக் (வயர் முனைக்கு மாட்டுற வளையம்) போட்டு முறுக்குங்க. உள்ள எர்த் வயர மட்டும் மத்த ரெண்டையும் விட கொஞ்சம் நீளமா விடுங்க, யாராவது வயர இழுத்தா அது கடைசியாத்தான் பிடுங்கணும். வயர் கிளாம்ப் வெளித்தோல பிடிக்கணும், உள்ள முடிச்சு போடுற வேலையெல்லாம் வேண்டாம். ஸ்க்ரூவுக்கு அடியில போற முனையில ஈயமும் வைக்காதீங்க, ஈயம் நாள்பட நசுங்கி லூசாயிடும்.

அப்புறம் 500 வோல்ட் மெகர், அதாவது இன்சுலேஷன் தாங்குதான்னு பாக்குற மீட்டர். ஃபேஸ் நியூட்ரல் ரெண்டு பின்னையும் சேத்துப் பிடிச்சு பாடியோட பாருங்க, 1 மெகா ஓம்முக்கு கீழ வந்தா சொருகாதீங்க. டிரில் சுவிட்ச் ஆன்ல இருக்கணும், ஆஃப்ல வச்சுப் பாத்தா மோட்டார பாக்கவே இல்லன்னு அர்த்தம், நானே ஒரு தடவை அப்படி ஏமாந்தேன். மல்டிமீட்டர் இதுக்கு பத்தாது, அது சின்ன பேட்டரி வோல்ட்லதான் பாக்குது.

கார்பன்கை:
மொத தடவை சீரிஸ் பல்பு, அதாவது டிரில்லுக்குப் போற லைன்லயே தொடரா ஒரு பல்பு போட்டு ஓட்டுங்க, பழைய இழை பல்பு, எல்இடி ஆகாது. பல்பு முழுசா எரிஞ்சு டிரில் அசையலன்னா உள்ள ஷார்ட்டா இருக்கலாம். லைன்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) இருக்கட்டும், அது ட்ரிப் ஆச்சுன்னா பைபாஸ் பண்ணிட்டு ஓட்டுற புத்திசாலித்தனம் வேண்டாம்.

மரத்தூசி:
தொறந்து பாத்தேன், வெக்கமா இருக்கு. சதுரம் எதுவும் இல்ல. பாடி ஸ்க்ரூல அரை இஞ்ச் பச்சை வயர் துண்டு தொங்குது, அன்னிக்கு "இது எதுக்கு"ன்னு வெட்டினது நான்தான். கெப்பாசிட்டர்ல மெழுகு உருகி வழிஞ்சு கறுப்பா இருக்கு, ஒரு கால் நேரா பாடிக்கு. கழட்டிட்டு மெகர் வச்சேன், 0.3 மெகா ஓம் வந்துச்சு, ஃபீல்டு காயிலுக்கு (மோட்டார்ல சுத்தாம நிக்கிற சுருள்) போற வயரும் உதிர்ந்து செம்பு தெரியுது.

சுருள்கம்பி:
அந்த வயர இழுக்காதீங்க, காயிலோட சேரும் இடத்துலயே ஒடஞ்சிடும். ஜாயிண்ட் வரைக்கும் தொறந்து சூடு தாங்குற சிலிக்கான் வயர் மாத்தி ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் ஏத்துங்க, ஈரம் போக பெட்டிக்குள்ள மிதமான சூட்டுல ஒரு நாள் காய வச்சு மறுபடி மெகர் பாருங்க. அப்பவும் ஏறலன்னா காயில புதுசா சுத்துற ரீவைண்டிங்தான்.