7 அடி ஸ்பின்னிங் ராட் நாமே கட்டினா கட்டுப்படியாகுமா?

முட்டுக்காடு_கொடுவா:
முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்துல கொடுவா மீனுக்கு ஒரு தூண்டில் ராட் தேடுறேன். 10–30 கிராம் லூர் (போலி இரை), 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), அதோட முனையில முடிச்சுப் போடுற 40 பவுண்டு லீடர் (தடிச்ச நூல்), 3000 சைஸ் ரீல். கடை ராட்ல ரெண்டு குறை: பின்பிடி நீளமா இருந்து முழங்கையில இடிக்குது, லீடர் முடிச்சு நுனி கைடுல (நூல் ஓடுற வளையம்) தட்டுது. பிளாங்க் (எதுவும் மாட்டாத வெறும் கோல்) வரவழைச்சு நாமே கட்டினா காசு மிச்சமாகுமா? வீட்டுல வச்சு செய்ய முடியுற வேலையா?

நூல்சுற்றி:
காசு மிச்சம் பண்ணணும்னா கட்டாதீங்க ப்ரோ. பிளாங்க், 7 கைடு, நுனி கைடு, ரீல் சீட் (ரீலை மாட்டுற இடம்), ஈவிஏ நுரைப் பிடி, கைடைக் கட்டுற நூல், அது மேல பூசுற எபாக்ஸி எல்லாத்தையும் சில்லறை விலையில வாங்கணும். ராட் கம்பெனிக்கு அதே சாமான் மொத்த விலையில கிடைக்குது. வெளிநாட்டிலிருந்து வந்தா சுங்க வரி வேற. ஒற்றைத் துண்டு 7 அடி பிளாங்க்னா பார்சல் நீளத்துக்கே கூரியர் செலவு ஏறும், அதனால ரெண்டு துண்டு பிளாங்க்தான் பாக்கணும்.

நீங்க சொல்ற ரெண்டு குறைக்கும் புது ராட் தேவையே இல்ல. அடிமூடியைக் கழற்றி, வெட்டுற இடத்துல மாஸ்கிங் டேப் இறுக்கிச் சுத்தி, நுண்பல் ஹாக்சா பிளேடால 4–5 செ.மீ. குறைங்க. டேப் இல்லாம அறுத்தா நார் பிரிஞ்சுடும். அடி எடை குறையுறதால ராட் கொஞ்சம் முன்பாரமாகும், அதனால ஒரே தடவையில நிறைய வெட்டாதீங்க.

முடிச்சு தட்டுறதுக்கு, நுனி கைடையும் அதை அடுத்த மூணையும் வளைய அளவு 7-க்கு மாத்தினா போதும். 5-ல 40 பவுண்டு லீடர் முடிச்சு சிக்கத்தான் செய்யும். கொடுவா செவுள்மூடி பிளேடு மாதிரி வெட்டும், அதனால லீடரை மெலிசாக்கச் சொல்ல மாட்டேன். நுனி கைடு வாங்கும்போது, பிளாங்க் நுனியில மாட்டுற குழாயோட விட்டத்தைக் கவனிங்க: அமெரிக்கக் கம்பெனிங்க அங்குலத்துல 64-ல் ஒரு பங்கா எண் போடுவாங்க. 5-ன்னா கிட்டத்தட்ட 2 மி.மீ. ஜப்பான் கம்பெனி ஃபூஜி மில்லிமீட்டர்லயே குறிக்கும்.

பழைய_பிரம்பு:
மேலே சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். அந்த நான்கு கைடை மாற்றினாலே ராட் கட்டும் வேலையில் பாதி கைக்கு வந்துவிடும். அதன்பிறகும் ஆசை இருந்தால் புது பிளாங்க் எடுங்கள். பிடியின் நீளம், கைடின் அளவு, ராடின் எடை மூன்றும் உங்கள் கைக்குப் பொருந்தும். கட்டுவதன் பலன் அதுதான்.

கைடைக் கட்டிய பழைய நூலை எடுக்கும்போது கைடின் கால் (பிளாங்கில் படியும் பகுதி) மேலேயே பிளேடை ஓட்டுங்கள். பிளாங்க் மேல் ஓட்டாதீர்கள். ஒரு கீறல் போதும், மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் எபாக்ஸி இளகி உரிந்து வரும்.

புது ராடில் பிடி, ரீல் சீட் எல்லாம் நுனிப் பக்கமிருந்து கீழே இறங்கும். ஈவிஏ துளை பிளாங்க் விட்டத்தைவிட 1 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். ரீல் சீட்டுக்குள் உள்ள இடைவெளியை மாஸ்கிங் டேப்பால் முழுதாக நிரப்புவது பெரிய தப்பு. உப்புத்தண்ணீர் புகுந்து டேப் மக்கும், சில மாதத்தில் சீட் சுழலும். டேப்பை மூன்று வளையங்களாகச் சுற்றி, நடுவில் 5 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியில் பசை நிறையும்படி ஒட்டுங்கள்.

7 அடி ராடில் கைடுகளை நுனியிலிருந்து 10, 21, 34, 48, 65, 85, 112 செ.மீ. தூரத்தில் வைத்துத் தொடங்கலாம். வளைய அளவு அடியிலிருந்து 25, 16, 10, அதற்கு மேல் எல்லாம் 7. இது தொடக்கக் கணக்குதான். சைக்கிள் டியூப்பை மெல்லிய வளையமாக நறுக்கி, கைடுகளை அதில் மாட்டி, ரீலோடு பிரெய்டு கோர்த்து ராடை நன்றாக வளைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கைடில் பிரெய்டு கூர்மையாக மடங்கினால் அதன் பக்கத்து இடைவெளி அதிகம். நகர்த்திவிட்டு மறுபடி வளையுங்கள். அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான்.

கைடு காலின் நுனியை அரத்தால் சரிவாகத் தேய்க்காவிட்டால் நூல் ஏறும் இடத்தில் பள்ளம் விழும். இந்த லூர் எடைக்கு ஏ அளவு நைலான் நூல் போதும். முதல் 5–6 சுற்றில் நூல் முனையை அடியில் சிக்க வைத்து வெட்டுங்கள். முடிய 8 சுற்று இருக்கும்போது ஒரு நூல் வளையத்தை உள்ளே வைத்துச் சுற்றி, வால் முனையை அதில் கோர்த்து இழுத்துவிடுங்கள். இழுவிசை மிக அதிகமானால் பிளாங்க் நசுங்கும். சுற்றிய பிறகும் கைடை விரலால் இம்மி நகர்த்த முடிய வேண்டும்.

முட்டுக்காடு_கொடுவா:
நன்றிண்ணா. நூல் மேல பூசுறதுக்கும், சீட் ஒட்டுறதுக்கும் அரால்டைட் ஆகுமா?

உப்புக்காற்று:
சீட்டுக்கு மெதுவா இறுகுற வகை ஆகும். அஞ்சு நிமிஷ வகை வேணாம், சீட்டைச் சரியான கோணத்துக்குத் திருப்புறதுக்குள்ள பிடிச்சுக்கும். ரீலை மாட்டி, கைடு வரிசையோட நேரா வச்சுப் பாத்துட்டு விடுங்க.

நூல் மேல அதைப் பூசாதீங்க. கெட்டி, நூலுக்குள்ள இறங்காது, மஞ்சளடிக்கும். ராடுக்குன்னே வர்ற ரெண்டு பாக எபாக்ஸி வாங்குங்க. பெரும்பாலும் 1:1. ஒவ்வொன்னும் 3 மி.லி.க்குக் கம்மியா எடுத்தா அளவுப் பிழை பெருசாகி, கடைசி வரைக்கும் பிசுபிசுன்னே நிக்கும். சிரிஞ்சு பிஸ்டன்ல சிலிக்கோன் பூச்சு இருக்கக் கூடாது. கையில எண்ணெயோ தேங்காய் எண்ணெய் வச்ச தலையைத் தொட்ட விரலோ இருந்தாலும் பூச்சு மேல வட்டக் குழி விழும். அதனால நூலை ஸ்பிரிட்டால துடைச்சுட்டு ஆரம்பிங்க.

மெதுவா 2–3 நிமிஷம் கலக்கி, அலுமினியத் தாள் மேல பரப்பிடுங்க. குமிழும் போகும், சீக்கிரம் சூடாகி இறுகவும் செய்யாது. மே மாசத்துல கப்புலயே வச்சிருந்தா பாதி வேலையிலேயே கெட்டியாயிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில வேற பிரச்சினை: ஈரக்காத்துல மேல்பூச்சு வெள்ளையா மங்கும். ஏசி ஓடுற மூடின அறையில பூசுங்க. பூசின பிறகு 4–5 மணி நேரம் ராட் சுத்திக்கிட்டே இருக்கணும், நிமிஷத்துக்கு 10 சுத்து போதும். சின்ன கியர் மோட்டார் ஒன்னு வாங்கிடுங்க, கையால திருப்பினா கீழ்ப்பக்கம் தொங்கிடும். மீன் பிடிக்க ஒரு வாரம் பொறுங்க.

ஒன்னு விட்டுப்போச்சு. கைடு காலோட ரெண்டு பக்கமும் நூலுக்கு அடியில சின்ன சுரங்கம் மாதிரி இடம் இருக்கும். முதல் பூச்சுல அது நிறையலைன்னா உப்புத்தண்ணி அங்கேயே தங்கி, ஸ்டெயின்லெஸ் காலும் பழுப்பேறும். பிரஷ் முனையால எபாக்ஸியை அதுக்குள்ள தள்ளிவிடுங்க.

நுனி கைடுக்கு மட்டும் எபாக்ஸி வேணாம், ஹாட் மெல்ட் பசை. நாளைக்கு வளையம் உடைஞ்சா உலோகக் குழாய்க்கு மட்டும் லேசா சூடு காட்டி உருவிடலாம்.