நியூயார்க் தீயணைப்புத் துறை: எஞ்சின் குழு, ஏணிக் குழு என்ற பிரிவு இனியும் தேவையா?

செங்கோடன்:
நியூயார்க் தீயணைப்புத் துறையில், குழாய் இழுத்துத் தண்ணீர் பாய்ச்சும் எஞ்சின் குழுவும், கதவைத் திறந்து ஆட்களைத் தேடி மீட்கும் ஏணிக் குழுவும் தனித்தனியே இயங்குகின்றன. ஏணி வண்டியில் ஓர் அதிகாரியும் ஐந்து வீரர்களும் செல்கிறார்கள். ஆனால் அதில் தண்ணீர் பம்ப் கிடையாது. இன்று அத்துறைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ உதவி கோருபவை. செயின்ட் லூயிஸ் நகரம் 1980களிலேயே பம்ப்பும் ஏணியும் ஒன்றாக அமைந்த வண்டிகளுக்கு மாறிவிட்டது. நியூயார்க்கும் அவ்வாறு மாறினால், மிச்சமாகும் பணத்தை ஆம்புலன்ஸ் ஊழியர்களின் சம்பளத்துக்குத் தரலாம்.

இளவேனில்:
செங்கோடன் அவர்களே, இரண்டு வண்டிகளை ஒன்றாக்கலாம். அங்கே நடக்கும் வேலைகள் அப்போதும் இரண்டுதான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆறு மாடிக் குடியிருப்பொன்றின் நான்காம் மாடியில் தீப்பிடித்ததாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் குழுவினர் குழாயை இழுத்துப் படியேறித் தண்ணீர் கொண்டுவருவதற்குள், ஏணிக் குழுவின் அதிகாரியும், கோடரியும் ஹாலிகன் என்னும் நெம்புகம்பியும் ஏந்திய வீரரும், கையடக்கத் தண்ணீர் உருளை சுமப்பவரும் கதவை நெம்பித் திறந்து, சிக்கியவர்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நான்காமவர் மொட்டைமாடிக்குப் போய்ப் படிக்கட்டின் உச்சிக் கதவைத் திறந்து புகைக்கு வழிவிடுகிறார். ஐந்தாமவர் வெளிப்புற இரும்புப் படி வழியாகச் சன்னலை நெருங்குகிறார். ஓட்டுநர் வண்டியின் ஏணியை உயர்த்தி நிறுத்துகிறார். தண்ணீர் தயாராகும் முன்பே சன்னலை உடைத்துக் காற்றை உள்ளே விட்டால் தீ வலுத்துவிடும் என்பதால், எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று ஒவ்வொருவரும் நன்கு பழகியிருக்க வேண்டும்.

செங்கோடன்:
பயிற்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 2022 ஜனவரி 9 அன்று பிராங்க்ஸின் ட்வின் பார்க்ஸ் என்னும் 19 மாடிக் கட்டடத்தில் 17 பேர் உயிரிழந்தார்கள். தீ ஒரு வீட்டையும் அதையொட்டிய நடையையும் தாண்டி அதிகம் பரவவில்லை. அந்த வீட்டின் தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடாததால் புகைதான் மாடிகளெங்கும் ஏறிக் கொன்றது. அந்தக் கதவை முன்கூட்டியே சோதித்துப் பழுது நீக்கியிருந்தால் போதும், எந்த ஏணியும் தேவைப்பட்டிராது.

கடலோடி:
இருவரும் ஆம்புலன்ஸைப் பேச்சோடு பேச்சாகக் கடந்துவிட்டீர்கள். அது 1996இல்தான் நகர மருத்துவமனைக் கழகத்திடமிருந்து இத்துறைக்கு வந்தது. ஒரே துறையின் கீழ் இருந்தும் அதன் ஊழியர்களுக்குத் தீயணைப்பு வீரர்களைவிடக் குறைந்த சம்பளம்தான் என்பது எனக்கு ஏற்கவே முடியாத அநியாயம். உயிருக்கு ஆபத்தான அழைப்புகளுக்கு எஞ்சின் குழுவும் முதலுதவிக்கு விரைவது நல்ல ஏற்பாடுதான். அதற்காக வண்டிகளை இணைக்க வேண்டியதில்லை. சம்பளத்தைச் சரிசெய்வது நகர நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

இளவேனில்:
கடலோடி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். செங்கோடன் அவர்களே, கதவுச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் நீங்கள் காட்டிய அதே ட்வின் பார்க்ஸில், சுவாசிக்க முதுகில் சுமக்கும் காற்று உருளை தீர்ந்த பிறகும் வீரர்கள் புகைக்குள் ஏறினார்கள் என்று அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் தெரிவித்தார். வண்டியை இணைத்து நீங்கள் மிச்சம்பிடிக்கும் பணம் ஆட்குறைப்பிலிருந்துதான் வரும். அன்று அந்தப் படிகளில் ஏறியவர்களில் எத்தனை பேரைக் குறைத்திருப்பீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.